கேட்ட நேரம், கொடுத்த நேரம்

ஏழு நிமிடம் என்ற அந்தக் கணக்கை உண்டாக்கியவள் நான்தான். வேறு யார் யார் மேலோ பழியைப் போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

என் பெயர் கேரல். விவேக் நகரில் வீடு. வயது ஐம்பத்தொன்பது, வருகிற மார்ச்சில் ஓய்வு. முப்பத்து மூன்று வருடமாக ராணுவ விமானங்களை அளப்பது என் வேலை. செய்வதும் இல்லை, ஓட்டுவதும் இல்லை, அளப்பது மட்டும். அலுவலகம் எங்கே இருக்கிறது என்று வெளியில் சொல்லக்கூடாது என்பது விதி. பழைய மெட்ராஸ் ரோட்டில் ஓடுகிற எல்லா பஸ் கண்டக்டருக்கும் அது தெரியும், அது வேறு விஷயம்.

எனக்குக் கோபம் அதிகம் என்று அலுவலகத்தில் ஒரு பேர் உண்டு. தப்பான எண்ணைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனதற்காகப் பெரிய பெரிய பட்டம் வாங்கி வந்த பையன்களை நான் அழ வைத்திருக்கிறேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமையும் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காந்தா எங்கள் ரெக்கார்ட் ரூமில் இருக்கிறாள். ஜோகுபாளையத்திலிருந்து வருவாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். இருபத்தாறு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து மதியம் சாப்பிட்டிருக்கிறோம். என் டப்பாவில் இருக்கிற மீனை அவள் எடுத்துக்கொள்வாள், அவளுடைய அவரைக்காய்ப் பொரியலை நான் எடுத்துக்கொள்வேன். ஆபீசர் ஒருத்தி அட்டெண்டரோடு உட்கார்ந்து சாப்பிடுவதா என்று ஒரு காலத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

காந்தாவுக்கு ஒரு பழக்கம். ரெக்கார்ட் ரூமில் ஒவ்வொரு கோப்பின் அட்டைக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். யார் எடுத்தார்கள், கேட்ட நேரம், கொடுத்த நேரம், திரும்பி வந்த நேரம், கையெழுத்து. கேட்ட நேரம் என்ற கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. காந்தா மட்டும் நிரப்புவாள். நான் போனில் கோப்பு கேட்ட நிமிடத்தைக்கூடப் பார்த்து எழுதி வைத்துவிடுவாள். கலெக்டர் வேலையா பார்க்கிறாய், எதற்கு இந்த வெட்டி வேலை என்று நான் கேலி செய்வேன். கேட்டவங்க அங்க உக்காந்திருக்காங்கல்ல மேடம் என்பாள்.

அவளுக்கு ஒரே பையன், தினேஷ். ராணுவத்தில் வயர்லெஸ் ஆப்பரேட்டர். அம்மா போனை எடுக்காவிட்டால் விடமாட்டான், திரும்பத் திரும்பக் கூப்பிடுவான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வருவதற்குள் எட்டு, பத்து தவறிய அழைப்புகள் இருக்கும். உன் பையனுக்கு அங்கே வேறு வேலையே இல்லையா என்று நான் கேட்பேன். அவள் சிரித்துக்கொண்டே திரும்ப அழைப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் அக்டோபரில், வடக்கே ஒரு மலைச் சாவடியில், தினேஷும் இன்னும் நாலு பேரும் இறந்துபோனார்கள். பெட்டி ஜோகுபாளையத்துக்கு வந்த அன்று நான் தெருமுனை வரைக்கும் போய், உள்ளே போகத் தைரியமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் போனேன். காந்தா அழவில்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் நான்தான் அதைப் படித்துத் தமிழில் சொன்னேன். தினேஷ் வயர்லெஸ் கருவியின் பக்கத்திலேயே இருந்து கடமையைச் செய்தான் என்றும், உதவி கேட்ட ஏழு நிமிடத்துக்குள் விமானம் வந்து எதிரியைத் தாக்கியது என்றும் எழுதியிருந்தது. காந்தா அந்த ஏழு நிமிடத்தை மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னாள். ரொம்ப நேரம் காக்க வைக்கல, இல்லையா மேடம் என்றாள். இல்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திடீரென்று ஒரு ஜூன் மாத மதியம், டப்பாவைத் திறந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏழு நிமிஷம்னா கம்மியா மேடம், ஜாஸ்தியா?"

இதென்ன இப்போது என்று நினைத்தேன். துக்கத்துக்கு ஏது நாள் கிழமை என்றும் நினைத்தேன். ரொம்பக் கம்மி, எந்த நாட்டிலும் அதைவிட நல்ல நேரம் கிடையாது என்று சொன்னேன். சொல்லும்போது என் குரலில் ஒரு கர்வம் இருந்திருக்கும். அன்று அங்கே போன புதிய வகை விமானத்தை அளந்தவள் நான். அவள் சரி என்று சொல்லிவிட்டு மீனைத் தொடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

இந்த வருடம் ஆகஸ்டில் அந்த வேலை என் மேஜைக்கு வந்தது. தரையில் சண்டை போடுகிற சிப்பாய்களுக்கு மேலிருந்து உதவுகிற விமானங்கள் இரண்டு வகை. பழையதற்கு எங்கள் அலுவலகத்தில் லாரி என்று பேர். மெதுவாகப் போகும், தாழப் பறக்கும், சத்தம் காதைக் கிழிக்கும். வயிற்றில் நாலு குண்டு வாங்கினாலும் வீடு வந்து சேரும். ஒரு மணி நேரம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். விமானி கண்ணாலேயே தரையைப் பார்ப்பான். புதியது உயரத்திலிருந்து, மேகத்துக்கு மேலிருந்து, இரவோ பகலோ, நாலு மீட்டருக்கு மேல் பிசகாமல் குண்டு போடும். ஆனால் விலை அதிகம் என்பதால் எண்ணிக்கை குறைவு. கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காது. மிச்சமிருக்கிற லாரிகளுக்கு மொத்தமாக ஓய்வு கொடுத்துவிடலாமா என்று மேலிடம் கேட்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு நான் கையெழுத்துப் போட வேண்டும். என் கடைசி அறிக்கை அது.

எனக்கு லாரி மேல் பாசம் ஒன்றும் கிடையாது. இன்றைய ஏவுகணைகளுக்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கிற கோழி. அட்டவணையில் மொத்தம் பதினொரு வரி. விலை, தாங்கும் சக்தி, சுற்றி நிற்கும் நேரம் ஆகியவற்றில் பழையது ஜெயித்தது. துல்லியம், இரவுப் பார்வை, தப்பிக்கும் வேகம் ஆகியவற்றில் புதியது. எல்லாவற்றையும்விட மதிப்பெண் அதிகம் உள்ள வரி, உதவி வந்து சேரும் நேரம். பழையது பதினாறு நிமிடம், புதியது ஏழு. அந்த ஒரு வரியில்தான் புதியது தூக்கிக்கொண்டு போனது.

ஒவ்வொரு எண்ணுக்கும் மூல ஆதாரத்தை இணைக்க வேண்டும் என்று இந்தத் தடவை கட்டளை. இரண்டு நிஜச் சண்டைகளின் வயர்லெஸ் பதிவுகளைக் கேட்டு ரெக்கார்ட் ரூமுக்குப் போன் செய்தேன். காந்தாவே இரண்டு கோப்புகளையும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது கோப்பின் மேல் தேதி எழுதியிருந்தது. அது எந்தத் தேதி என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். எல்லாம் இங்கிலீஷ், அவள் படித்தது அல்சூரில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரைக்கும்.

பதிவு என்றால் குரல் இல்லை, தட்டச்சு செய்த தாள். நேரம், பேசியவர், செய்தி. முதல் வரி காலை 5.12. சாவடி சொல்கிறது: எதிரி இருநூறு மீட்டர், விமானம் வேண்டும். கட்டுப்பாட்டு அறை சொல்கிறது: காத்திரு, இடம் சரிபார்க்கப்படுகிறது. 5.14, மறுபடி சாவடி. காத்திரு. 5.17. காத்திரு. 5.19. நான் விரலை வைத்து எண்ணினேன். பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறான். கடைசியாகக் கூப்பிட்டது 5.38. அதன் பிறகு கட்டுப்பாட்டு அறைதான் அவனைக் கூப்பிடுகிறது. சாவடி, பேசு. சாவடி, பேசு. பதில் இல்லை.

5.46க்கு விமானி, செய்தி கிடைத்தது என்கிறான். 5.53க்குக் குண்டு விழுந்தது. இலக்கிலிருந்து நாலு மீட்டர்.

ஆக, ஏழு நிமிடம் சரிதான்! விமானி வாய் திறந்ததிலிருந்து ஏழு நிமிடம். தினேஷ் வாய் திறந்ததிலிருந்து நாற்பத்தொரு நிமிடம். விமானிக்குச் செய்தி போவதற்கு எட்டு நிமிடம் முன்பே அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

புதிய விமானம் இலக்கைக் கண்ணால் பார்ப்பதில்லை; எண்களாகக் கொடுத்தால்தான் போடும். அந்த எண்கள் தப்பாக இருந்தால் நம் ஆட்கள் மேலேயே விழும் என்பதால் மூன்று இடத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் விமானிக்கு அனுப்புவார்கள். லாரி விமானியோ சிப்பாய் பேசுகிற அதே அலைவரிசையில் நேராகப் பேசுவான். முதல் கோப்பைப் பார்த்தேன். சிவப்புப் புகை தெரிகிறதா என்று கீழே இருப்பவன் கேட்க, தெரிகிறது, தலையைக் குனிந்துகொள் என்று மேலே இருப்பவன் சொல்கிறான். கூப்பிட்டு மூன்று நிமிடத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது, அங்கிருந்து பதினாறு நிமிடத்தில் குண்டு. மொத்தம் பத்தொன்பது. சிப்பாயின் கடிகாரத்தில் பார்த்தால் பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்று. எங்கள் அட்டவணையில் பதினாறுக்கு ஏழு.

கடிகாரத்தை எந்த நொடியில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு விதித்தாள் உண்டு. விமானி ஒப்புக்கொண்ட நொடியிலிருந்து என்று அதில் இருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு முன் அதை எழுதியது நான். அடியில் என் கையெழுத்து இருக்கிறது, அப்போது இன்னும் அழகாகப் போடுவேன். நாம் அளப்பது விமானத்தை, டெலிபோன் லைனை அல்ல என்று ஒரு வாக்கியம்கூடச் சேர்த்திருந்தேன். அந்த வாக்கியத்தை எல்லாரும் பாராட்டினார்கள். தரையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் கருவிகள் எல்லாம் விமானத்தில் இருந்தன.

இயக்குநர் வெங்கடகிருஷ்ணனிடம் போனேன். என்னிடம் வேலை பழகியவன், நாற்பத்துநாலு வயது, கெட்டவன் இல்லை. வரியை மாற்ற வேண்டும், சிப்பாய் கூப்பிட்ட நேரத்திலிருந்து கணக்குப் போட வேண்டும், செய்தி போகிற வழியைச் சீர்செய்யும் வரை லாரியை வைத்துக்கொள்ளச் சொல்லி எழுத வேண்டும் என்று சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு அந்த விதித்தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தான்.

"மேடம், தாமதம் நடந்தது செய்தி போற வழியில. விமானத்து மேல என்ன தப்பு? நாம அளக்குறது விமானத்த, டெலிபோன் லைன இல்ல. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

என் வாக்கியத்தை என் மேலேயே போட்டுவிட்டான். அவனே தொடர்ந்தான். இப்போது எண்ணை மாற்றினால் அந்த ஐந்து குடும்பங்களுக்கும் போன கடிதம் என்ன ஆவது, நம் காந்தாம்மா நிலைமை என்ன, ஏதோ அந்த ஏழு நிமிடத்தை வைத்துக்கொண்டு மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றான்.

அங்கேதான் நான் விழுந்தேன். அவன் சொன்ன மற்றதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது, கத்தியிருப்பேன், மேஜையைத் தட்டியிருப்பேன். காந்தா பேர் வந்ததும் அடங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அடங்குவதற்கு ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்பது நாள் அந்தக் கோப்பு என் மேஜையில் கிடந்தது. ஒன்பது நாளும் மதியம் காந்தாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்று சொல்லிவிடலாம் என்று போவேன். அவள் அவரைக்காயை என் பக்கம் தள்ளுவாள். நான் விலைவாசியைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வருவேன். வீட்டில் என் கணவர் டென்சிலிடம் சொன்னேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எதையும் கிளறப் பிடிக்காதவர். அந்தத் தாய் நிம்மதியாக இருக்கட்டும், நீ எதற்கு மண்ணைப் போடுகிறாய் என்றார். குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமைக் கூட்டத்தில் நின்றுகொண்டு நானும் அதையேதான் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டேன். அவளுக்காக, அவளுக்காக.

பத்தாவது நாள், செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை, புதியதற்கு ஏழு என்று போட்டுக் கையெழுத்திட்டேன். மூன்றரை மணி வண்டியில் அறிக்கை டில்லிக்குப் போய்விட்டது.

நாலு மணிக்கு அந்தக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரெக்கார்ட் ரூமுக்குப் போனேன். ஆளை அனுப்பியிருக்கலாம். அவள் கைக்கு அது வேறு யார் மூலமாகவும் போக வேண்டாம் என்று தோன்றியது. காந்தா அட்டையைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தைக் காட்டினாள். கொண்டுவந்த அன்று நான் அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை, நேராகத் தாள்களுக்குப் போய்விட்டேன்.

சீட்டில் என் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது. முதல் வரியில் காந்தா என்று தமிழில், உருண்டை உருண்டையாக. கேட்ட நேரம் பகல் 1.40. கொடுத்த நேரம் 1.40. தேதி இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் பதினெட்டு.

அவளே கேட்டு, அவளே கொடுத்து, அவளே படித்திருக்கிறாள். நேரங்கள் எண்ணில் இருக்கின்றன. அதைப் படிக்க என்ன மீடியம் வேண்டும்? ஏழு நிமிடம் கம்மியா ஜாஸ்தியா என்று அவள் என்னைக் கேட்டது அதற்கு மறுநாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சேதான் கேட்டியா காந்தா?"

"ஆமா மேடம். நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. பாத்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அன்றைக்கு நான் இந்தக் கோப்பைப் பார்த்திருக்கவில்லை, சத்தியமாகத் தெரியாது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் ஒன்றும் லேசாகவில்லை.

"இப்ப ஒம்போது நாளா உங்ககிட்டதான இருந்துச்சு," என்றாள். "ரிப்போர்ட்ல என்னா போட்டீங்க?"

ஏழு என்றேன். ஏன் என்று கேட்டாள். உனக்காகத்தான் என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே வந்ததும் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

காந்தா கோப்பை மூடினாள். நாடாவைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

"எம் பேர்ல ஏன் போட்டீங்க மேடம்? எம் புள்ள முடிஞ்சி போச்சு. இனிமே அங்க உக்காந்து கூப்புடப் போறவன் இருக்கான்ல, அவன் பேர்ல போட்டிருக்கக் கூடாதா?"

நான் அழுதேன். அலுவலகத்தில் எத்தனையோ பேரை அழ வைத்தவள், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். திரும்பி வந்த நேரம் என்ற கட்டத்தில் 4.10 என்று எழுதச் சொன்னாள், எழுதினேன்.

அன்று வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் அறிக்கையில் தவறு இருக்கிறது, அந்த விதி என்னுடையது, அதுவும் தவறு, கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், எண்ணைத் திருத்த அனுமதி வேண்டும். வெங்கடகிருஷ்ணன் படித்துப் பார்த்தான். தடுக்காமல் மேலே அனுப்பினான். அந்த மட்டில் அவன் நல்லவன்தான். அனுப்பும் பதிவேடு காந்தாவிடம் இருக்கிறது. கேட்ட நேரம் என்று அவளாகவே ஒரு கட்டம் கோடு போட்டு, மாலை 6.25 என்று எழுதினாள். பக்கத்தில் பதிலுக்கென்று இன்னொரு கட்டமும் போட்டுக் காலியாக விட்டாள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதினேன். பிறகு போன் செய்தேன். பிறகு இன்னொரு தடவை. இதற்குள் லாரிகளின் கடைசிப் பறத்தலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். தண்ணீர் பீய்ச்சி வரவேற்பு, வாத்தியம், போட்டோ, எல்லாம் உண்டாம். எனக்கும் அழைப்பிதழ் வந்திருக்கிறது. கிழித்துப் போட்டேன்.

காந்தா இப்போதும் எனக்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மீனைத் தொடுவதில்லை. நான் கெஞ்சவும் இல்லை. நேற்று டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"பதில் வந்துச்சா மேடம்?"

"காத்திருக்கச் சொல்றாங்க காந்தா. சரிபாக்குறாங்களாம்."

அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"அவனுக்கும் அதத்தான் சொன்னாங்க," என்றாள்.